வெந்நீர் கேட்கும் குரல்

மாமியார் அம்மாக்கண்ணுவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் பவளத்துக்கு அந்த நேரத்தில் விழிப்பு வந்துகொண்டே இருந்தது. சேவல்கூடக் கூவாத நேரம். பெரட்டு மணி அடித்து ஆட்களை வேலைக்குக் கூப்பிட இன்னும் வெகுநேரம் இருக்கும். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டிலும் விளக்கு எரியாது. கண் திறந்ததும் அவள் கை தானாகக் கம்பளியை விலக்கும். குளிர்ந்த சிமெண்டுத் தரையில் கால் பட்ட பிறகுதான், எழுந்து செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வரும்.

மூன்று வருஷமாக அந்த வேலை இருந்தது. எழுபத்தைந்தாம் வருஷம், ஓயாத மழைக்காலத்தில், பைப்படியில் வழுக்கி விழுந்து அம்மாக்கண்ணுவின் இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பின் முன்னறையில் கிடந்த பலகைக் கட்டில்தான் அவளுக்கு எல்லாம். விடிவதற்கு முன்னால், குளிர் மிகவும் இறுகும் வேளையில், தொண்டை வறண்டுவிடும்.

"பவளம்... தொண்ட காயுது" என்பாள். சத்தமாகக்கூடக் கூப்பிடமாட்டாள்.

பவளம் எழுந்து, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, ஆற்றி, தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைப்பாள். மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிடுவாள். பிறகு தான் போய்ப் படுத்தால் தூக்கம் வராது. அப்படியே விடிந்து, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலையேறுவாள்.

கணவன் சிங்காரம் ராத்திரியில் வீட்டில் இருப்பதில்லை. தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் அவனுக்கு இரவு வேலை. சாயங்காலம் வந்து சேரும் கொழுந்தை வாடப் போட்டுக் கிளறிவிட்டு, விடியற்காலை அதை அரைக்கிற மெஷினுக்கு அனுப்ப வேண்டும். தாய் விழுவதற்கு முன்னால் அவன் பகல் வேலையில்தான் இருந்தான். அந்த மாதம் இரவுக்கு மாற்றினார்கள். பிறகு ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் தண்டல் கருப்பையா, "பகலுக்கு வாரியாப்பா?" என்று கேட்டபோது, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். இது பவளத்துக்குத் தெரியும். ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மாக்கண்ணு செத்தது பட்டப்பகலில். பக்கத்து வீட்டு இராசம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு வாய் வாங்கி, மூன்றாவது வாய்க்கு வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான். யாருக்கும் யார்மேலும் குறை இல்லை. பவளத்தின் மகள் சீதா பீடோர் ஊரிலிருந்து வந்து அழுதுவிட்டுப் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

பழக்கம்தானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று பவளம் இருந்தாள். ஆனால் ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சும்மா விழிக்கவில்லை. யாரோ கூப்பிட்டுத்தான் விழித்தாள். கண் திறக்கும்போது அவள் பெயரின் கடைசிப் பகுதி இன்னும் அந்த இருட்டில் மிச்சமிருப்பதுபோல் இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு நாள் மேட்டுச் சரிவில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள் நின்றபடியே தூங்கிச் செடிமேல் சாய்ந்துவிட்டாள். கவாத்து வெட்டிய கிளை கன்னத்தைக் கீறிவிட்டது. மருந்து போடப் போன இடத்தில் தோட்டத்து டிரெஸர் நாகரத்தினம் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார்.

"மத்தியானம் தூங்குறியாம்மா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் கொஞ்ச நேரங்க ஐயா."

"அதயும் விட்டுரு. பொழுது சாஞ்சப்புறம் தேத்தண்ணி குடிக்காத. முழிப்பு வந்தா படுத்துப் பொரளாத. எந்திரிச்சி உக்காந்து ஏதாச்சும் கைவேல பாரு, தூக்கம் வந்தா போயிப் படு. மூணு வருசம் பழகுன ஒடம்பாச்சே, அது மறக்கணும்ல."

கூப்பிடுகிற குரலைப் பற்றி அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். சொல்லாமலே, அவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த வெள்ளை மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவர் சொன்னபடி எல்லாம் செய்தாள். சாயங்காலத் தேநீரை நிறுத்தினாள். விழிப்பு வந்தால் அடுப்படியில் விளக்கேற்றி, பிறக்கப் போகிற பேரப்பிள்ளைக்குப் பழைய சேலையில் துணி தைத்தாள். ஆனால் முன்னறைப் பக்கம் முதுகு காட்டி உட்கார அவளால் முடியவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கட்டில் இருந்த பக்கத்தைப் பார்த்தபடியே தைத்தாள்.

மாத்திரை போட்ட முதல் ராத்திரி, மணி அடிக்கிறவரை தூங்கினாள். கல்யாணத்துக்கு முந்தி தூங்கியதுபோல் ஒரு தூக்கம். உடம்பு காற்றாய் லேசாக இருந்தது. சிரித்துக்கொண்டே முன்னறைக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். பழக்கம் விடாமல் அவள் ராத்திரி நிரப்பி வைத்திருந்த பிளாஸ்க்கின் மூடி திறந்து கிடந்தது. ஜன்னல் திட்டில் டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டு, அதைச் சுற்றி ஈரமாக இருந்தது. கட்டில்மேல் மடித்து வைத்திருந்த கம்பளி, கழுத்துவரை போர்த்துகிற மாதிரி, நீளமாக விரிந்திருந்தது.

சிங்காரம் வேலை முடிந்து வந்ததும் கேட்டாள். "ராத்திரி நடுவுல வீட்டுக்கு வந்தீங்களா?"

"நான் இப்பத்தானே வாரேன். எதுக்கு?"

"ஒண்ணுமில்ல."

அன்றைக்குச் சாயங்காலம் பைப்படியில் இராசம்மா வாளியை நகர்த்தி இடம் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ஒங்க வீட்டுக்கு யாரு வந்திருக்கா, பவளம்?"

"யாரும் வரலியே அக்கா."

"வயசானவங்க பேசுற மாதிரி கேட்டுச்சே. நடுவுல ஒரு பலகச் சொவருதானே, நல்லாவே கேட்டுச்சி." இராசம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "எனக்குத்தான் காது சரியில்ல போல" என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளே பவளம் அந்தக் கட்டிலை வீட்டைவிட்டு வெளியேற்றச் சொன்னாள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் படுக்கப் பலகை வேண்டும் என்றார்கள். சிங்காரம் அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்று ராத்திரி பவளம் மாத்திரை போடவில்லை. மறுபடி கண் திறந்தபோது அவள் பாயில் இல்லை. கட்டில் கிடந்த மூலையில், கையில் வெந்நீர் டம்ளரோடு, வெறும் சுவரைப் பார்த்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். டம்ளர் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது.

விடிந்ததும் சிங்காரத்திடம் சொன்னாள்: "நைட்டு வேலய விட்டுருங்க. என்னால தனியா இருக்க முடியல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். அவிழ்த்து முடித்த பிறகும் நிமிரவில்லை. அடுத்த மாதம் பகல் வேலைக்கு வந்துவிட்டான்.

வந்தவனுக்கும் தூக்கம் இல்லை. ராத்திரியெல்லாம் விழித்துப் பழகியவன், கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடப்பான். அதனால்தான் அவன் காதில் அது விழுந்தது. ஒரு நாள் காலையில் ரொட்டியைத் தேநீரில் நனைத்தவன் தின்னாமல் வைத்துவிட்டுச் சொன்னான்.

"ராத்திரி நீ பேசுன, புள்ள."

"என்ன பேசுனேன்?"

"அம்மா மாதிரி." அவன் தொண்டையைச் செருமினான். "படுத்துக்கிட்டே, 'பவளம், தொண்ட காயுது'ன்னு கூப்புடுற. அப்படியே அம்மா கொரலு. பொறகு நீயே, 'இந்தா வாரேன் அத்த'ன்னு எந்திரிச்சி போற. கண்ணு தொறந்துதான் இருக்கு, ஆனா என்னப் பாக்கல."

பவளத்துக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. இவ்வளவு நாளும் கூப்பிட்டது வேறு யாரும் இல்லை, தன் வாய்தான். இராசம்மா கேட்டதும் அதைத்தான். தன் உடம்புதான் இன்னும் மறக்கவில்லை. டிரெஸர் ஐயா சொன்னதும் அதைத்தானே.

"இனிமே நீ எந்திரிக்காத. நான் குடுக்குறேன்" என்றான் சிங்காரம்.

அப்படியே செய்தான். அவள் தூக்கத்தில் கூப்பிட்டதும், "இந்தா வாரேன்மா" என்று அவனே பதில் சொல்லுவான். வெந்நீர் ஆற்றி அவளுக்கே குடிக்கக் கொடுத்து, மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்து, கம்பளியை இழுத்துவிடுவான். காலையில் அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். நாளாக ஆகக் கூப்பிடுவது குறைந்தது. "நேத்து நீ கூப்புடல" என்றான் ஒரு நாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிய பேச்சே இல்லாமல் போயிற்று. பவளம் மணி அடிக்கிறவரை தூங்கினாள். முகத்தில் சதை போட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் வந்தபோது தனக்கென்று ஒரு ரவிக்கைத் துணிகூட எடுத்துக்கொண்டாள். சீதாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இப்போது சிங்காரத்தின் கண்தான் குழிவிழுந்திருந்தது. பகலிலும் மெஷின் சத்தம், ராத்திரி தூங்கவும் பழகவில்லை, அதனால்தான் என்று பவளம் நினைத்துக்கொண்டாள்.

எழுபத்தொன்பது கடைசியில், அடைமழை பெய்த ஒரு ராத்திரி, கூரைமேல் மழை சட்டென்று நின்ற அமைதியில் அவளுக்கு விழிப்பு வந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் சிங்காரத்தின் மூச்சு கேட்டது. பழைய பயம் ஒன்றும் இல்லை. திரும்பத் தூக்கம் வந்துவிடும் என்று கண்ணை மூடினாள்.

"சிங்காரம்... தொண்ட காயுது."

முன்னறையிலிருந்து வந்தது.

பவளம் கையை மெல்ல எடுத்துத் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். உதடு மூடியிருந்தது. பல்லை இறுகக் கடித்திருந்தாள். மூச்சுகூட விடவில்லை. குரல் மறுபடியும், அவசரமில்லாமல், அவன் பெயரைச் சொல்லிற்று.

பக்கத்தில் சிங்காரம் எழுந்தான். திடுக்கிட்டு எழவில்லை. ரொம்ப நாளாகப் பழகிய ஆளைப்போல, அவள்மேலிருந்த கம்பளி நழுவாமல் பார்த்து, மெதுவாக எழுந்தான். பிளாஸ்க்கின் கார்க் கழன்றது. வெந்நீர் டம்ளரில் விழுந்தது. ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு ஆற்றுகிற சத்தம்.

"மெதுவாம்மா. சூடு இருக்கு பாரு" என்றான் கிசுகிசுப்பாக.

யாரோ மடக் மடக்கென்று குடித்தார்கள். பிறகு பலகை கிறீச்சிட்டது. அந்த அறையில் இப்போது பலகை எதுவும் இல்லை.

அவன் திரும்பி வந்து படுத்தபோது அவன் பாதம் ஐஸாக இருந்தது. பவளம் கண்ணைத் திறக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி, ஏன் இவர் சொல்லவில்லை என்று மனம் அடித்துக்கொண்டது. திரும்பி அவன் கையைப் பிடிக்கலாம். எழுந்து விளக்கேற்றலாம். பீடோருக்கே போய்விடலாம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அப்புறம் மெதுவாக நெஞ்சு அடங்கியது. அது தன் பெயரைக் கூப்பிடவில்லை. அந்த நினைப்பு கம்பளிக்குள் கதகதப்புபோல் பரவியது. அதை உணர்ந்ததும் அவளுக்கே தன்மேல் வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே தூங்கியும் போனாள்.

மறுநாள் சாயங்காலம் அவளே வெந்நீர் காய வைத்து, பிளாஸ்க்கில் ஊற்றி, அவன் படுக்கிற பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். சிங்காரம் பிளாஸ்க்கைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய குளிரு ஜாஸ்தியா இருக்கு. சட்ட போட்டுக்கிட்டுப் படுங்க" என்றாள்.

அவன் போட்டுக்கொண்டான். அவள் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.