ஜாக்கி தூக்கும், தாங்காது

1

இந்தக் கதை ஒரு பஞ்சரில் பிறந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருமாம், மழையில் வருமாம். எனக்கு அம்பாங்கானில், சாலையோரத்தில், பின் டயரில் ஏறிய ஆணி வழியாக வந்தது.

காரை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். உள்ளே என்னதான் இருக்கிறது என்று கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை மஸ்தான் வெளியே வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கைய எடுங்க லா. வண்டி எறங்குது" என்றார்.

எனக்குத் தெரியவே இல்லை. கிரீச் என்றோ மடக் என்றோ ஒரு சத்தம் வேண்டாமா? கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கார் இறங்கிக்கொண்டிருந்தது, உட்கார்ந்தபடி தூங்குகிறவன் தலை சாய்வதுபோல. கொஞ்ச நேரத்தில் அதன் இரும்பு தரையைத் தொட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் பயம் போகவில்லை. அந்தச் சத்தமில்லாமை ராத்திரி சோற்றில்கூட வந்து உட்கார்ந்தது. இந்தப் பயத்தை வேறு யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து ஆள் தேட ஆரம்பித்தேன். கதை எழுதுகிறவர்கள் செய்கிற அயோக்கியத்தனம் இதுதான். தங்கள் பயத்துக்கு வேறொருவரைப் படுக்கவைப்பார்கள்.

ஆள் கிடைப்பது சுலபம், காலம் கிடைப்பதுதான் கஷ்டம். மஸ்தான் ஒரு வார்த்தை சொன்னார், என் ஆபத்து தீர்ந்தது. வாயைத் திறந்தால் தீர்ந்துபோகிற ஆபத்தை வைத்துக்கொண்டு கதை எழுத முடியாது. வாயைத் திறக்க முடியாத காலம் வேண்டும். நெகிரி செம்பிலானில் அதற்காக ரொம்ப தூரம் தேடவேண்டியதில்லை. யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து ஆண்ட மூன்றரை வருஷம் இருக்கிறதே.

2

முதல் தொடக்கம்:

"1943ஆம் ஆண்டில், புக்கிட் பெலண்டோக்கை ஒட்டிய ரப்பர் தோட்டமொன்றில், ஜப்பானிய இராணுவத்தால் எடுத்துக்கொள்ளப்பட்ட தோட்டத்து லாரியானது பழுதுபட்டு நின்றபோது, அதன் ஓட்டுநர்—"

விட்டுவிட்டேன். பள்ளிக்கூடப் புத்தகம் வாசிப்பதுபோல் இருந்தது. அந்தக் காலத்தில் யார் அவனை ஓட்டுநர் என்றார்கள்? டிரைவர்.

இரண்டாவது தொடக்கம்:

"டிரைவர் லாரிக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தான். மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இரும்பு. அவன்—"

இது நன்றாகத்தான் வந்தது. இருந்தாலும் விட்டேன். இந்த டிரைவருக்குப் பயமே இல்லை. ஜாக்கியில் என்ன கோளாறு என்று அவனுக்குத் தெரியாது, தெரியாதவன் நிம்மதியாகச் சுத்தியல் அடிப்பான். எனக்கு வேண்டியது தெரிந்த ஒரு ஆள். சற்றுத் தள்ளி, ரப்பர் பால் வாளியோடு வரிசையில் நிற்கிற ஒருத்தி. டிரைவரின் பெண்சாதி, முத்தாயி.

இனி நான் அவளை விட்டு நகரமாட்டேன்.

3

முத்தாயி பால்வெட்டு முடித்து வாளியோடு வந்தபோது, லாரி ஆபீஸ் முன்னால் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. ஸ்பிரிங் பட்டை விலகியிருந்தது. அவள் புருஷன் மூட்டைகளை இறக்கச் சொல்லி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கிக்கு அடியில் பலகை போட்டு, லாரியைத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கழற்றியிருந்தான். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். பெண்கள் எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். சிப்பாய் இருக்கிற இடத்தில் தலை நிமிர்ந்தாலும் அறை விழும், வாய் திறந்தாலும் அறை விழும்.

முத்தாயியின் கண் நேராக ஜாக்கியில் போய் நின்றது.

அது எண்ணெய் ஜாக்கி. கைப்பிடியை அழுத்த அழுத்த, உள்ளே இருக்கும் எண்ணெய் அடியில் புகுந்து தண்டை மேலே தள்ளும். லாரியைத் தூக்குவது இரும்பு இல்லை, எண்ணெய்தான். அந்த எண்ணெயை நேற்றுப் பகலில் முத்தாயி எடுத்துவிட்டாள்.

மகள் செல்லத்துக்கு உடம்பெல்லாம் சொறி. ரப்பர் மரத்து இலைக்குத் தூவுகிற கந்தகத்தில் ஒரு பிடி எப்படியோ கிடைத்தது, குழைத்துப் பூச எண்ணெய் கிடைக்கவில்லை. தேங்காயெண்ணெயைக் கண்ணால் பார்த்தே பல மாதம். பிள்ளை சொறிந்து சொறிந்து விரலிடுக்கெல்லாம் இரத்தம். நேற்று லாரிக்கு ஓட்டமில்லை, புருஷன் மூட்டை ஏற்றப் போயிருந்தான், ஜாக்கி கட்டிலுக்கு அடியில் இருந்தது. லாரியில் விட்டால் திருடு போய்விடும் என்று அவள் புருஷன் வீட்டுக்கே கொண்டுவருவான். தண்டை முழுக்க இறக்கி, நேராக நிறுத்தி, ஈரம் படாமல் சாக்கால் மூடிவைப்பான். வாரம் ஒருமுறை துடைத்து, பக்கத்து மூடியைத் திறந்து எண்ணெய் விளிம்புவரை நிற்கிறதா என்று பார்ப்பான். தினமும் சாமி கும்பிடாதவன் இதைத் தவறமாட்டான். பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்த மூடியைத் திறக்கத் தெரிந்திருந்தது.

எண்ணெயைத் தகர டப்பாவில் வடித்துக்கொண்டாள். ஜாக்கி லேசாக இருந்தால் தெரிந்துபோகுமே என்று, பீப்பாயிலிருந்து மழைத்தண்ணீரை ஊற்றி மூடினாள். உள்ளே போனபிறகு எண்ணெய் என்ன, தண்ணீர் என்ன என்று நினைத்தாள்.

(ஒரு குறிப்பு, கதை அவசரத்தில் இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்: இரண்டும் ஒன்றில்லை. தண்ணீர் நீர்த்தது, தண்டைச் சுற்றியுள்ள தோல்வாரில் எண்ணெய் நிற்கும், தண்ணீர் நிற்காது, கசியும். கூரையிலிருந்து பீப்பாயில் விழுந்த தண்ணீரில் மண் இருக்கும். ஒரு மணல் போய் வால்வில் உட்கார்ந்தால் வால்வு மூடாது. வால்வு மூடாவிட்டால் ஏறியது இறங்கும். ஜாக்கிக்கு அதற்கென்று உள்ள எண்ணெயைச் சுத்தமாக ஊற்ற வேண்டும், வேறெதையும் ஊற்றக்கூடாது. இவ்வளவையும் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது கதை எழுதத்தான் என்று மனைவி நம்பவில்லை.)

4

முத்தாயியை நானே நம்பவில்லை. எடுத்தாள், சரி. ராத்திரியே புருஷனிடம் சொல்லியிருக்கலாமே?

இரண்டு நாள் எழுதாமல் அவளைக் குறுக்கு விசாரணை செய்தேன். கடைசியில் இப்படித்தான் நடந்திருக்கும் என்று பட்டது. இருட்டுகிற நேரத்தில் அவன் வந்தான். செல்லம் மருந்து பூசிக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு அழாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் பிள்ளை பக்கத்தில் குந்தி, அதன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். "இன்னிக்குத் தூங்குறா பாத்தியா" என்றான். அந்த முகத்தைப் பார்த்தபோது அவளுக்குச் சொல்ல மனசு வரவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். விடியும் முன்பே சிப்பாய்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அவன் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

இப்போது நம்புகிறேன். நானாக இருந்தாலும் காலையில்தான் சொல்லியிருப்பேன்.

5

"ஜாக்கி தூக்கும், தாங்காது. தாங்குறது கட்டை." இதுதான் அவள் புருஷனின் வேதம். கஞ்சி குடிக்கும்போதுகூடச் சொல்வான். லாரியைத் தூக்கியவுடன் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டைத் துண்டுகளை அச்சுக்கு முட்டுக் கொடுப்பான். செங்கல் வைக்கமாட்டான், செங்கல் சொல்லாமல் நொறுங்கும். முட்டு நின்றுவிட்டால் ஜாக்கி போனாலும் மனுஷன் பிழைப்பான். அதனால் முத்தாயிக்கு இந்த நிமிஷம்வரை ஒரு தைரியம் இருந்தது. கட்டை இருக்கிறது, கட்டை பார்த்துக்கொள்ளும்.

அவன் கட்டையை எடுக்க லாரிக்குப் பின்னால் போனான், வெறுங்கையோடு திரும்பினான். சிப்பாய்கள் குளிக்க வெந்நீர் வைத்து எரித்துவிட்டிருந்தார்கள்.

(முட்டுக்கட்டை என்றால் இப்போது நமக்கு இடைஞ்சல். முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்று மேடையில் முழங்குகிறோம். ஒரு மனுஷன் நெஞ்சுக்கும் லாரிக்கும் நடுவில் நிற்கிற சாமானுக்கு இந்தக் கெட்ட பெயரை யார் வாங்கிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.)

அவன் கைகளை அகல விரித்துக் காட்டி "காயு, காயு" என்றான், மலாயில், மரக்கட்டை வேண்டும் என்று. சிப்பாய் ஓங்கி அறைந்தான். "லெக்காஸ்" என்றான். சீக்கிரம். லாரி ஓடுகிறவரைதான் அவள் புருஷன் டிரைவர். ஓடாவிட்டால் மற்ற ஆண்களைப்போல அவனும் சயாமுக்கு ரயில்பாதை போடப் போகவேண்டியதுதான். இந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். ஜாக்கியை ஒருதரம் பார்த்தான். பிறகு மல்லாந்து உள்ளே போனான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

முத்தாயி ஜாக்கியைப் பார்த்தாள். தண்டின் கழுத்தில் துருநிறத்தில் ஒரு துளி—

(இல்லை. ஒரே நாளில் துருப்பிடிக்காது. அடித்துவிடுகிறேன்.)

தண்டின் கழுத்தில் தெளிவாக ஒரு துளி திரண்டு நின்றது. எண்ணெய் அப்படித் திரளாது. அது வழிந்தது, இன்னொன்று திரண்டது. லாரிக்குப் பின்னால் ஆபீஸ் சுவரில் பாதிக்குக் கீழே தார் பூசியிருந்தார்கள். லாரிப் பலகையின் விளிம்பு முதலில் தாருக்கு மேலே வெள்ளைச் சுவரில் இருந்தது. இப்போது தாரைத் தொட்டிருந்தது.

அவள் ஒரு அடி முன்வைத்து நிறுத்தியதில் வாளிப் பால் தளும்பியது. பக்கத்தில் நின்ற பஞ்சாலை அக்கா தலையை நிமிர்த்தாமல், உதடு அசையாமல், என்னடி என்று கேட்டாள்.

"ஜாக்கி எறங்குதுக்கா."

"சொல்லித் தொலையேண்டி."

"சொன்னா எண்ணெ எங்கன்னு அந்தச் சிப்பாய் கேப்பான். நாந்தான் எடுத்தேன்."

போன மாதம் ஒரு டின் பெட்ரோல் எடுத்தவனை ஆபீஸுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள், அவன் பெண்சாதி தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். பஞ்சாலை அதை நினைத்திருக்க வேண்டும்.

"ஒன்னைக் கொண்டுபோயிட்டா புள்ளைய யாரு பாக்குறது?" என்றாள்.

உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

6

முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் முத்தாயி ஓடிப்போய்ச் சிப்பாயின் காலில் விழுந்து, தண்ணீர் ஊற்றியது நான்தான் என்கிறாள். புருஷன் வெளியே வருகிறான். அவளை அதே ஆபீஸுக்குப் பின்னால் கொண்டுபோகிறார்கள். லயத்து வரிசை வீட்டில் செல்லம் விழித்துக்கொண்டு அம்மா என்கிறாள். அதற்குமேல் எழுத முடியாமல் கிழித்துப்போட்டேன்.

இன்னொன்றில் ஜாக்கி நின்றுவிடுகிறது. அவன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "என்னடி இப்படி வேர்த்திருக்கு" என்கிறான். அதை எழுதிய அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மஸ்தான் கடைக்குப் போய் மூக்குமுட்டச் சாப்பிட்டேன். மறுநாள் படித்தபோது பொய் பல்லை இளித்தது. வால்வில் உட்கார்ந்த மணலுக்கு என் கதாபாத்திரத்தின்மேல் என்ன பிரியம்?

மூன்றாவது முடிவில் ஒரே வரிதான் இருக்கிறது.

"லாரி இறங்கியபோது அவன் கால்கள்—"

அதை நீங்களும் முடிக்க வேண்டாம்.

7

தார்க்கோட்டுக்குக் கீழே போய்விட்டது பலகை.

முத்தாயி ஒரு முடிவுக்கு வந்தாள். இப்போது அவர் வெளியே வரட்டும். என் கழுத்து அப்புறம். வாளியைக் கீழே வைத்தாள். தலையை நிமிர்த்தினாள்.

"ஏங்க" என்றாள்.

சிப்பாய் திரும்பினான். மூட்டை இறக்க நின்றிருந்த ஆண்களும் திரும்பினார்கள். தோட்டத்தில் எல்லா ஆணும் யாரோ ஒருத்திக்கு ஏங்கதான். கால்கள் மட்டும் அசையவில்லை. சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தது.

செல்லத்தப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள். அந்தச் சிப்பாய் காதில் தன் பிள்ளையின் பெயர் விழுவதை நினைத்தாள், அப்படியே விழுங்கிவிட்டாள். அவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்தபடி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான். இன்னும் ஒரு வார்த்தைக்குத்தான் இடமிருந்தது. சுத்தியல் சத்தத்தையும் தாண்டிப் புருஷனைத் தொடக்கூடிய வார்த்தை ஒன்றுதான்.

அவன் பெயர்.

இவ்வளவு தூரம் வந்தும் அந்தப் பெயரை நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். மறந்துவிடவில்லை. அவள் பக்கத்தில் நின்று எழுதியதால் எனக்கும் வாய் வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அதைச் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் பஞ்சாலையைப் பார்ப்பாள், பஞ்சாலை சொல்லுவாள். புருஷன் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். அவள் ஆத்தா அப்படித்தான் சொல்லி வளர்த்தாள், ஆத்தாவின் ஆத்தாவும் அப்படித்தான். முத்தாயிக்கு அதில் சந்தேகமே கிடையாது. நெருப்பு சுடும் என்பதைப்போல அது.

இப்போது சொல்லாவிட்டால் அவன் சாவான். சொன்னால் தன் வாயாலேயே அவன் ஆயுசைக் குறைத்தவள் ஆவாள். சிப்பாயைவிட அவளுக்கு இதுதான் பெரிய பயம். நான் சிரிக்கவில்லை, நீங்களும் சிரிக்காதீர்கள்.

நான் எழுதிவிடலாம். வீரமுத்து என்றோ தங்கராஜு என்றோ ஒரு பெயர் எழுத எனக்கு எவ்வளவு நேரம்? ஆனால் நான் இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். என்னை யாரும் அறையப்போவதில்லை. பயமில்லாமல் கூப்பிடுகிற குரல் லாரிக்கு அடியில் போய்ச் சேராது. எந்தப் பெயரைச் சொன்னால் அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நெஞ்சு பதறுமோ, அப்படி ஒரு பெயர் உங்களிடம் இருக்கும். அதை இந்த இடத்தில் வையுங்கள். மனசுக்குள் வாசித்தால் போதாது. சத்தமாக.

முத்தாயி வாயைத் திறந்துவிட்டாள்.

"                    "

கூப்பிட்டீர்களா?

சுத்தியல் சத்தம் நின்றிருக்கிறது. குனிந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. நீங்கள் பாருங்கள்.