ஒன்றையும் விடாத குரல்

பாரதி மடிக்கணினியின் ஓரத்தில் இரண்டு விரல்களை வைத்துக் காத்திருந்தாள். உள்ளே விசிறி வேகமெடுப்பது விரல்களுக்குத் தெரிந்தது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்தது அய்யனாரின் கணினி பழுதுபார்க்கும் கடை. கீழே ஒரு நடத்துநர் சின்னசேலம், சின்னசேலம் என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் வண்டியேறிப் போன பிறகும் கணினியில் பாடப்புத்தகம் திறக்கவில்லை.

"இதுதாங்க மேடம் எல்லாரும் வச்சிக்கினு இருக்கிறது. பளிச்சுனு இருக்கும். கலரு பாத்தீங்கன்னா..." அய்யனார் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"கலர நீங்க பாத்துக்குங்க. சத்தத்த நான் பாத்துக்குறேன்" என்றாள் பாரதி.

திரையில் உள்ளதைப் பேசும் நிரல் அவள் கணினியில் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பாடப்புத்தகக் கோப்பைத் திறந்துகொடுக்க இன்னொரு மென்பொருள் வேண்டும். பழைய கணினி அதைத் தாங்க வேண்டும். வெள்ளிமலைக்கு மேலே, அவள் வேலை செய்யும் பள்ளியில், நெட் இல்லாமல் ஓட வேண்டும். பணம் கேட்கக் கூடாது. போனிலும் கேட்கலாம்தான். பாதிப் பாடத்தில் யாராவது கூப்பிட்டால் இடம் தொலைந்துவிடும்.

ஒருவழியாகக் குரல் வந்தது. அது அவளை வரவேற்றது. உள்ளே நுழையக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டது. புதிய வசதிகளைப் பற்றிச் சொல்லட்டுமா என்றது. அவள் தள்ளத் தள்ள இன்னொன்று வந்தது.

"பாடம் எங்கங்க?"

"இதுக்கெல்லாம் அடியில இருக்குது மேடம்."

"எடுத்துடுங்க இத."

போன வாரம்தான் அது நடந்தது. பத்தாம் வகுப்பில் கோட்டைகளைப் பற்றிய பாடத்தை முடித்துக் கேள்வி கேட்கச் சொன்னாள். தேவிப்ரியா எழுந்தாள். "டீச்சர், பெட்டிக்குள்ள போட்டிருக்கிறத நீங்க நடத்தவே இல்லியே."

"எந்தப் பெட்டி?"

பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்கினான். பாடத்துக்குப் பாடம் கட்டம் கட்டித் தனியாகச் செய்திகள் இருக்கின்றன என்பதை, அந்தப் புத்தகத்தை மூன்றாவது வருடமாக நடத்தும் பாரதி அன்றைக்குத்தான் அறிந்தாள். பிறகு சொல்கிறேன் என்றாள். மலையிறங்கும் பேருந்தில் முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. காது அடைத்துத் திறக்கும் ஒவ்வொரு வளைவிலும் அந்த அடக்கிய சிரிப்பு கேட்டது.

புத்தகத்தை அவளுக்கு வாசித்துக்காட்டுவது கணவன் வெங்கடேசன். கல்யாணமான நாளிலிருந்து அவன்தான். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து, கைகால் கழுவி, உட்கார்ந்து வாசிப்பான். நல்ல குரல். நிறுத்தி நிதானமாக வாசிப்பான். அவள் அப்படியே மனத்தில் வாங்கிக்கொள்வாள். அன்று மாலை கேட்டதும் அவன் மறைக்கவில்லை.

"ஆமா, உட்டுட்டேன். அது சும்மா கதை. பாடத்துக்குத் தேவையில்ல."

"வேற இன்னா இன்னாலாம் உட்டீங்க?"

அவன் யோசித்தான். யோசித்த நேரம்தான் அவளை உறுத்தியது. பாடம் மட்டுமில்லை. செய்தித்தாள், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கு வரும் சுற்றறிக்கை எல்லாம் அந்தக் குரலில்தான் அவளிடம் வந்திருந்தன. அவளுக்குக் கோபம் வரவில்லை. இனிமேல் பாடத்தை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவது என்று முடிவு செய்தாள்.

"இது ரொம்பச் சின்னது மேடம்" என்று அய்யனார் வேறொரு மென்பொருளை ஏற்றினார். "ஒரு பாட்டு எடத்தகூட அடைக்காது."

அவள் விசையை அழுத்தினாள். விரலை எடுப்பதற்குள் திறந்துவிட்டது. விசிறி சத்தம் கூடவில்லை. குரல் கோப்பின் பெயரைச் சொன்னது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

"தெறந்துடுச்சி. பக்கம் சூப்பரா தெரியுது."

"எனக்குத் தெரியலியே."

அய்யனார் சிரித்துவிட்டுச் சிரித்ததற்காக இருமினார். "பேச மாட்டேங்குது. உங்க குரலுக்கும் இதுக்கும் ஒத்துவரல. எடுத்துரட்டுங்களா?"

"இருங்க."

அவளுக்கு அதைப் பிடித்திருந்தது. அது எதையும் கேட்கவில்லை, எதையும் விற்கவில்லை. மேலே உள்ள பட்டியலை ஒவ்வொன்றாக இறக்கிக் கேட்டுக்கொண்டே போனாள். திற, மூடு, அச்சிடு. எழுத்தாகச் சேமி என்று ஒன்று வந்ததும் நின்றாள். அய்யனாரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினார். சேமித்தாள். கணினியோடு வந்த நோட்பேடில் அதைத் திறந்தாள். அட்டையில் இருந்தே குரல் தொடங்கியது. வகுப்பு, தொகுதி, விற்பனைக்கு அன்று என்ற வரி, அச்சிட்ட வருடம்.

"இதெல்லாமா படிக்கும்?" என்றார் அய்யனார்.

"படிக்கட்டும். இதான் வேணும்."

சாயங்காலம் வீட்டில் வெங்கடேசன் வாசற்படியில் நின்று கேட்டான். குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு இவன், மூச்சு உடாம படிக்கிறான்? நடுவுல நாப்பத்தேழுன்றான்."

"பக்க நம்பரு."

"தமிழக் கொல்றான்."

"கொல்லட்டும். ஒண்ணையும் உடமாட்டான்."

அவன் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றும் சத்தம் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

"நான் படிச்சதுல இன்னா கொற பாரதி?"

"கொறன்னு சொல்லலீங்க. எனக்கு எது வேணும்னு நீங்களே பாத்துப் பாத்துப் படிச்சீங்க. வேணாங்கறதையும் நான் கேக்கணும்."

"அப்ப இனிமே எனக்கு வேலையில்லன்ற."

"டீ போட ஆளில்ல."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் செருப்புச் சத்தம் கேட்டது. அடுப்பைப் பற்றவைக்கப் போகாமல் அலமாரிக்குப் போனான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். குரலோடு கூடவே வரிவரியாக விரலை ஓட்டினான். தாளில் விரல் உரசுவது அவளுக்குக் கேட்டது. குரல் அவன் கண்ணைவிட வேகமாக ஓடியது. அவன் பக்கம் புரட்டும்போது அது அடுத்த பக்கத்தின் நடுவில் இருந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

தேவிப்ரியா கேட்ட பெட்டிச் செய்தி வந்தது. பஞ்ச காலத்தில் கோட்டைக் காவலர்களுக்கு ஊர்ப் பெண்கள் கூழ் கொண்டுபோன கதை. அவள் உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டாள். குரல் அடுத்த தலைப்புக்குத் தாவியது.

"நில்லு, நில்லு" என்றான் வெங்கடேசன். "இங்க ஒரு படம் போட்டிருக்கான். உன் ஆளு அத உட்டுட்டான்."

பாரதி விசையைத் தொட்டுக் குரலை நிறுத்தினாள்.

"இன்னா படம்?"

"கோட்டைதான்."

"எப்பிடிப்பட்ட கோட்டை?"

"கோட்டை மாதிரிதான். மதிலு. ஒரு வாசலு."

அவள் விசையை மறுபடி தொடவில்லை. அவன் எழுந்தான். நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் டியூப் லைட்டுக்குக் கீழே போட்டான். புத்தகத்தை முகத்துக்கு அருகில் தூக்கியிருக்க வேண்டும். அவன் குரல் தாளில் பட்டுத் தணிந்து வந்தது.

"மதிலு இடுக்குல புல்லு மொளச்சிருக்குது. கீழ ரெண்டு ஆடு. ஒண்ணு மேயுது." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னொண்ணு மேயல. தலையத் தூக்கி நம்மளயே பாத்துக்கினு இருக்குது."