சின்னத்தாயி, விடு!

“கந்தம்மா நல்லாத்தான் கத்துறா மிஸ். ஆனா எம்பேரு மட்டும் அவ வாயில வர மாட்டேங்குது,” என்றாள் நஜீமா, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. “‘சின்னத்தாயி, விடு! சின்னத்தாயி, விடு!’ங்கிறா. யாரு மிஸ் அந்தச் சின்னத்தாயி?”

அமிர்தவல்லி பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பந்து கைநழுவித் தைலமரச் சரிவில் உருண்டு போனது. அதை எடுத்து வர அவள் யாரையும் அனுப்பவில்லை.

அது 1986. கோடைக்கானலில் பெண்கள் கல்லூரி ஒன்றின் கால்பந்துப் பயிற்சியாளர் அவள். மைதானம் என்பது பெயருக்குத்தான். மலையைச் செதுக்கி எடுத்த ஒரு தட்டு. மத்தியானம் இரண்டு மணியானால் வரி கேட்க வந்தவனைப் போல மேகம் வந்து உட்கார்ந்துவிடும். பத்தடிக்கு அப்பால் இருப்பது மனுஷியா, கம்பமா என்று தெரியாது. ஆகவே இங்கே பந்தைக் கண்ணால் ஆடுவதைவிடக் காதால் ஆடுவதுதான் அதிகம். பந்துக்கு ஓடிவரும் கோல் கீப்பர், தனக்கு முன்னால் தடுத்து ஆட நிற்கும் பேக்கின் பெயரைச் சொல்லி “விடு!” என்று கத்த வேண்டும். பேக் விலகிக்கொண்டு “விட்டேன்!” என்று பதில் கொடுக்க வேண்டும். அமிர்தவல்லியின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் இதுதான். கத்தாத கீப்பர் எத்தனை கெட்டிக்காரியானாலும் மறுநாள் பெஞ்சில் உட்காருவாள். “அந்த மிஸ்ஸுக்குத் தொண்டைதான் டிகிரி” என்று ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள்கூடக் கேலி பேசுவார்கள்.

ஆனால் கந்தம்மாள் கத்தவே மாட்டாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்தேழு கலவரத்தில், பத்து வயதில், ஒரு பகல் முழுக்கத் தேயிலைச் செடிக்கடியில் அம்மாவின் கை அவள் வாயைப் பொத்தியிருந்தது. அன்றைக்கு அடங்கிய குரல், கப்பலேறி இந்தியா வந்த பிறகும் திரும்பவில்லை. “சத்தம் வருதில்ல மிஸ்,” என்று தலையைக் குனிந்துகொள்வாள். கைகளோ பந்தை விடாத கைகள். அந்தக் கைகளுக்காகத்தான் அமிர்தவல்லி தன் சட்டத்தைத் தானே மீறி, ஒரு மாதமாகக் கோல் கம்பத்தின் பக்கத்திலேயே நின்று அந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள். ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

அப்படியானால் நஜீமா கேட்டது எதை? சின்னத்தாயி என்ற பெயரை இந்தக் கல்லூரியில் யாரும் சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிறது.

1975-இல் அமிர்தவல்லி இதே கல்லூரியின் கீப்பர். பக்கத்துப் பள்ளங்கிக் கிராமத்துச் சோலைமலையின் மகள் சின்னத்தாயி அவளுக்கு முன்னால் நின்ற பேக். மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் கோலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாள். மேகத்துக்குள்ளிருந்து பந்து உயரமாக வந்தது. கத்தினால் சின்னத்தாயி விலகிவிடுவாள். அது வெறும் சாதாரணப் பிடி ஆகிவிடும். ஒருத்தியின் தலைக்கு மேல் எழும்பிப் பிடித்தால்தானே வந்தவர்கள் கண்ணில் படும்? அமிர்தவல்லி கத்தவில்லை. எழும்பினாள். உயர்த்திய முழங்கால் சின்னத்தாயியின் காதுக்குக் கீழே இறங்கியது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில், மகளின் உடலை வாங்கக் காத்திருந்த சோலைமலை கேட்டார்: “கூப்பிட்டியா தாயி?”

“கூப்பிட்டேங்கய்யா. அவதான் நிக்கல.”

மாநில அணியில் இடம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது. அந்த ஒரு பொய்யின் மேல்தான் இத்தனையும் எழும்பி நின்றது.

மறுநாள் மேகம் இறங்கியதும் அமிர்தவல்லி நஜீமாவை வெளியே அனுப்பிவிட்டு, அவளுடைய இடத்தில் தானே போய் நின்றாள். பந்தை உயர அடிக்கச் சொன்னாள். பின்னால் கந்தம்மாளின் பூட்ஸ் சத்தம். அதற்கும் பின்னாலிருந்து அந்தக் குரல்.

“சின்னத்தாயி, விடு!”

பதினெட்டு வயது அமிர்தவல்லியின் குரல். அன்றைக்குத் தொண்டையில் அமுக்கி வைத்தது, மேகத்துக்குள் ஆளைத் தேடிக்கொண்டு திரிகிறது. அந்தக் குரல் கேட்பது ஒரு பயம் என்றால், அது வராமல் போவது அதைவிடப் பெரிய பயம். ஆளில்லாத குரலை நம்பித்தான் நஜீமா தினமும் விலகுகிறாள். ஒருநாள் அது வராமல் போனால் இன்னொரு சின்னத்தாயி விழுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளங்கிக்குப் போனாள். சோலைமலை பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, அன்னைக்கு நான் கூப்பிடலங்கய்யா. பொய் சொல்லிட்டேன்.”

அவர் கையில் இருந்த கட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “பதினோரு வருசமா எம்புள்ளையவே வஞ்சுக்கிட்டுக் கெடந்தேனே! கூப்பிட்டா நிக்கத் தெரியாத கழுதைன்னு, அவ போட்டோ முன்னால நின்னு வஞ்சேனே!”

அமிர்தவல்லி அழுதாள். அவர் தேற்றவில்லை.

“எங்கிட்ட வந்து சொல்லிப்புட்ட. அவகிட்ட எப்பச் சொல்லுவ?” என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

அந்த வாரம் முழுக்க மழை, பயிற்சியே இல்லை. சனிக்கிழமை மதுரை அணியோடு ஆட்டம். கந்தம்மாளை உட்காரவைக்கத்தான் நினைத்தாள். மாற்றுக் கீப்பரோ அம்மை போட்டுப் படுத்திருந்தாள். வேறு வழியில்லாமல், ஒருமுறை கேட்ட காதுக்கு இனி எங்கே நின்றாலும் அந்தக் குரல் கேட்கும் என்று நம்பி, கம்பத்தருகே வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

கடைசிப் பத்து நிமிஷத்தில் மேகம் இறங்கியது. ரெஃப்ரி விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மதுரைக்காரி ஒருத்தி பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டாள். வெள்ளைக்குள் கந்தம்மாள் ஓடிவரும் சத்தம். எதிரே நஜீமா ஓடிவரும் சத்தம். அமிர்தவல்லி குரலுக்குக் காத்தாள்.

குரல் வரவில்லை. பள்ளங்கியில் பொய்யை உடைத்ததோடு அதுவும் போய்விட்டது. அன்றைக்குப் போலவே இரண்டு ஜோடி பூட்ஸ் ஒன்றை ஒன்று நெருங்கின, நடுவில் ஒரு சொல் இல்லாமல்.

நஜீமா என்று கத்தத்தான் அமிர்தவல்லி வாயைத் திறந்தாள். வந்த பெயர் வேறு.

“சின்னத்தாயி, விடு!”

“விட்டேன்!” இடது பக்கத்திலிருந்து நஜீமா.

“விட்டேன்!”

இரண்டாவது பதில் கோலுக்குப் பின்னால், தைலமரச் சரிவிலிருந்து வந்தது. லேசாகக் கட்டிய தொண்டை, பள்ளங்கி இழுவை. அமிர்தவல்லிக்கு அது யார் என்று தெரியும். பந்து கந்தம்மாளின் கைகளில் போய் விழுந்த சத்தமும் கேட்டது. யார் பார்த்தால் என்ன என்று அவள் நின்ற இடத்திலேயே அழுதாள்.

கந்தம்மாள் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேகத்துக்குள்ளிருந்து கத்தினாள். அவள் கத்தி எல்லோரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

“மிஸ்! எனக்குப் பின்னால நின்னு பதில் சொன்னது யாரு மிஸ்?”

“எங்க பேக்குடி,” என்றாள் அமிர்தவல்லி. “நீ பந்தைப் போடு, ஆட்டம் நடக்குது.”