ஒரே பிரசங்கம், இரண்டு ஞாயிறு

மர அறுவை மில்லின் பின்பக்க அறை ஒன்றில், பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு போதகர் அந்தச் சபையைத் தொடங்கி இருபத்தாறு வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது சொந்தக் கட்டடம். நானூறு நாற்காலியும் நிரம்பி, வெளியே நிற்பவர்களுக்கென்று தனியாக ஒலிபெருக்கி கட்டவேண்டியிருந்தது. அத்தனையும் தான் தொண்டைத்தண்ணீர் வற்ற வளர்த்தது என்று அவர் நினைத்ததில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. உழைத்தார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நின்றார். எதையும் தன் கையாலேயே செய்தால்தான் அவருக்குத் திருப்தி. நாற்காலி வரிசை கோணலாக இருந்தால்கூட அவரே குனிந்து நேராக்குவார். நேராக்கிவிட்டு, அதைப் போட்டவரை எல்லார் முன்பும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, சபையில் மைக்கும் பதிவும் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன், கடைசி இரண்டு ஞாயிறுகளின் பிரசங்கத்தை ஒரு பென்டிரைவில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, பழுதான மின்விசிறியைக் கழற்ற ஏணி எடுக்கப் போனார். நடமாட முடியாத முதியவர்களுக்கு அனுப்புவதற்காக இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் நடக்கும் வேலைதான். போதகர் கணினியில் திறந்து பார்த்தார். 'பொறுமை – பாகம் 1', 'பொறுமை – பாகம் 2' என்று எழுதியிருந்தது.

பாகம் இரண்டா? பொறுமைக்கு அவர் இரண்டாம் பாகம் எழுதவே இல்லையே.

இரண்டாவதைக் கேட்டார். தன் அப்பாவின் சைக்கிளில் செயின் கழன்றுபோன கதை. அப்பா செயினைத் திட்டிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போவதற்குப் பதிலாக பக்கத்துத் துக்க வீட்டுக்குள் நுழைந்த இடத்தில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாவதைக் கேட்டார். அதே சைக்கிள், அதே துக்க வீடு. ஒரு வித்தியாசம்தான். இரண்டாவது வாரம் சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது.

முந்தின வாரம் அடுத்தடுத்து இரண்டு அடக்கம், ஒரு திருமணம். ஓய்வே இல்லை. கோப்பில் மேலே இருந்த தாளை எடுத்துக்கொண்டு மேடை ஏறிய ஞாபகம் மட்டும் அவருக்கு மங்கலாக வந்தது. காது மடல் சூடானது.

"ஏம்பா, இங்க வா. இது என்னது?"

எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயது மனிதர், வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல நின்றார்.

"ஏதாவது காரணமாத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன் பாஸ்டர். பேர் வைக்கணுமே... அதான் பாகம் ரெண்டுன்னு..."

"ரெண்டும் ஒண்ணுன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்தார். "வெளியில டீ குடிக்கறப்போ பேசிக்கிட்டாங்க."

சபைச் செயலர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், போதகர் போனில் கேட்டபோது சற்றும் தயங்கவில்லை. "ரெண்டு தரம் கேட்டாத்தான் எங்க மரமண்டைல ஏறும்னு ஆவியானவர் உங்களை ஏவியிருப்பார் பாஸ்டர்! ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு!" என்றார். போதகர் போனை வைத்தார். நானூறு பேர். கைகுலுக்கிவிட்டுப் போன நானூறு பேரில், 'பாஸ்டர், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?' என்று ஒருவருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருக்கும். வாய் வரவில்லை.

மதியம் சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டார். அவள் பரிமாறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ங்க. மூணாவது வாக்கியத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு என்கூடப் பேசமாட்டீங்க. முப்பத்தஞ்சு வருஷமாப் பார்க்கறேன், எனக்கு அலுத்துப்போச்சு." அவள் எதிரே உட்கார்ந்தாள். "உங்க முகத்துக்கு நேரா ஒரே ஒருத்திதான் பேசினா. அவளை என்ன பண்ணினீங்க?"

யாரைச் சொல்கிறாள் என்று அவருக்கு உடனே தெரிந்தது. சபையில் எல்லாரும் நர்ஸக்கா என்று கூப்பிட்ட பெண். மில் அறைக்கு வந்த முதல் பதினெட்டுப் பேரில் அவளும் அவள் புருஷனும் இருந்தார்கள். புருஷன் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். வாய் பேசாத மனிதர், ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பொழுது விடியும்போதே வந்து அறையைக் கூட்டி நாற்காலி போட்டுவிடுவார். நர்ஸக்கா பதினைந்து வருடம் ஞாயிறு பள்ளியைத் தாங்கினாள்.

ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு கமிட்டிக் கூட்டம். ஒரே வருடத்தில் ஐந்து ஆசிரியைகள் விலகிவிட்டார்கள், இந்தக் காலத்து ஆட்களுக்கு அர்ப்பணிப்பே இல்லை என்று போதகர் அலுத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது நர்ஸக்கா மெதுவாகத்தான் சொன்னாள்: "வேலை அதிகம்னு யாரும் போகல பாஸ்டர். பிள்ளைங்க முன்னாடி நீங்க அவங்களைத் திட்டினீங்க. அதான் போனாங்க. எல்லாரும் உங்களுக்குப் பயப்படறோம். நானும்தான்."

அவர் புன்னகைத்தார். "ஜெபிப்போம்," என்று கூட்டத்தை முடித்தார். அந்த ஞாயிறு முறுமுறுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யார் பெயரையும் சொல்லவில்லை. "சில பேர் சபைக்கு வரும்போதே தெர்மாமீட்டரோட வர்றாங்க. யார் யாருக்குக் காய்ச்சல்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. தன் நாக்குக்கு அடியில மட்டும் வெச்சுப் பார்க்கமாட்டாங்க!" என்றார். சபை வெடித்துச் சிரித்தது. நர்ஸக்கா உட்கார்ந்திருந்த நாலாவது வரிசையை நோக்கித் தலைகள் திரும்பின. அவள் எழுந்து போகவில்லை. கடைசிப் பாட்டுவரை நின்று பாடிவிட்டுத்தான் போனாள். அதன்பிறகு அந்தக் குடும்பம் வரவில்லை. அவர்களோடு பேசாதே என்று போதகர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

"நேர்ல போய்ப் பாருங்க," என்றாள் மனைவி. "இன்னைக்கே போங்க."

சாயங்காலம் நாலு மணிக்கு அவர் அந்த மாடி வீட்டுக் கதவைத் தட்டினார். நர்ஸக்கா ட்யூட்டி உடுப்பிலேயே கதவைத் திறந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. "வாங்க பாஸ்டர்," என்று நாற்காலியிலிருந்த மடித்த துணிகளை எடுத்து வழிவிட்டாள். சுவரில் ஓட்டுநரின் படம், கீழே பிறந்த தேதியோடு இன்னொரு தேதியும்.

போதகர் அந்த இரண்டாவது தேதியைப் படித்தார். இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"எனக்கு..." என்று தொடங்கினார். "எனக்கு யாரும் சொல்லலையேம்மா."

"ஈரல்ல புத்துநோய். கண்டுபிடிச்சு நாலு மாசம்." மருத்துவமனையில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிப் பழகிய சமனான குரல். "கடைசி வாரத்துல உங்களைத்தான் கேட்டார். 'பாஸ்டரை வரச்சொல்லு, ஒரு ஜெபம் பண்ணட்டும்'னார். எனக்கு இஷ்டமில்ல. ஆனா சாகப்போற மனுஷன் கேக்கறாரே. செயலருக்குப் போன் போட்டேன். 'பார்த்துச் சொல்றேன்'னார். ரெண்டாவது தடவை போட்டேன், எடுக்கல. இவர் வாசல் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தார், ஆறு நாள்."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"அடக்கத்துக்கு நம்ம சபையிலேர்ந்து ஒரே ஒருத்தர் வந்தாங்க," என்றாள் அவள். "உங்க வீட்டம்மா. பின்னாடி நின்னு அழுதுட்டு, சொல்லாமப் போயிட்டாங்க."

போதகர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன்."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும் பாஸ்டர். தெரிஞ்சும் வரலைன்னா உங்கமேல கோபப்பட்டுட்டு ஆறிப்போயிருப்பேன். உங்ககிட்ட என் பேரை எடுக்கவே அத்தனை பேரும் பயந்தாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்ல."

அவர் மன்னிப்புக் கேட்டார். பிரசங்க மேடையில் இடறாத நாக்கு அன்று ஒவ்வொரு வார்த்தைக்கும் இடறியது. தெர்மாமீட்டர் பேச்சை அவரே சொல்லி, அவரே அசிங்கப்பட்டார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"மன்னிச்சு நாளாச்சு. இல்லேன்னா என்னால நோயாளியைத் தொட்டிருக்க முடியாது. ஆனா திரும்பி வரமாட்டேன். இப்ப போற இடம் சின்னது, நாப்பது பேர். போன வாரம் பாஸ்டர் பாட்டு நம்பரைத் தப்பாச் சொன்னார். முன் வரிசையிலேர்ந்தே ஒருத்தர் 'அது இல்ல பாஸ்டர்!'னு சத்தம் போட்டார். எல்லாரும் சிரிச்சோம், அவரும் சிரிச்சார். எனக்கு நிம்மதியா இருக்கு." வாசலில் அவர் செருப்பு மாட்டும்போது சேர்த்துச் சொன்னாள்: "செயலரைக் கடிச்சுக் குதறிடாதீங்க. பாவம் அந்த மனுஷன்."

அதைச் செய்யத்தான் போதகர் பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். நேரே செயலர் வீட்டுக்குப் போய் நின்றார். கேள்வியைக் கேட்டதுமே அந்தப் பழைய தலைமையாசிரியர் உடைந்துபோனார்.

"அவங்க போன புதுசுல ஒரு தரம் அவங்க பேரை எடுத்தேன் பாஸ்டர். ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் எனக்கு வணக்கம்கூடச் சொல்லல நீங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவர் போயிட்டார். அப்புறம் எந்த முகத்தோட சொல்றது?"

போதகருக்கு ஞாபகம் இல்லை. அந்த ஒரு வாரம் அவர் நினைவில் எங்குமே இல்லை. திட்டுவதற்கென்று கொண்டுவந்த வார்த்தைகளை அப்படியே விழுங்கிக்கொண்டு, அழுகிற மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்துபோகத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ போயிருந்தியா?"

"போனேன்."

"என்கிட்டகூட..."

"உங்ககிட்டதான் சொல்ல முடியல," என்றாள்.

அடுத்த ஞாயிறு அவர் தாள் எதுவும் இல்லாமல் மேடை ஏறினார். ஒரே பிரசங்கத்தை இரண்டு தரம் செய்ததையும், ஏழு வருடம் முந்திய பேச்சையும், ஓட்டுநர் ஆறு நாள் காத்திருந்ததையும் மூடி மறைக்காமல் சொன்னார். நர்ஸக்காவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தார். "இந்தப் பயத்தை வளர்த்தது நான். இனிமே என்கிட்ட தப்புன்னு பட்டதைச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்," என்று முடித்தார்.

பின்வரிசையில் யாரோ "அல்லேலூயா!" என்றார்கள். ஒருவர் கைதட்ட, நானூறு பேரும் தட்டினார்கள். வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள்.

"என்ன ஒரு தாழ்மை பாஸ்டர்!"

"இப்படி ஒரு மேய்ப்பர் எந்தச் சபைக்குக் கிடைப்பார்!"

அவருக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது. கொட்டியது அத்தனையும் மாலையாகிக் கழுத்துக்கே திரும்பி வந்துவிட்டது. கமிட்டியில் ஆளுக்கொரு குறை சொல்லுங்கள் என்று கேட்டபோது, ரொம்ப நேரம் யோசித்து ஒருவர், "நீங்க ஓய்வே எடுக்கறதில்ல பாஸ்டர், அது ஒண்ணுதான் குறை," என்றார். இருபத்தாறு வருடமாகக் கட்டியதை ஒரு ஞாயிறில் இடித்துவிட முடியாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்கு வேண்டிய வருடங்கள் தன்னிடம் மிச்சம் இல்லை என்பதும்.

வருடக் கடைசியில் பொறுப்பை விடுவதாக எழுதிக் கொடுத்தார். அதுவரை, சபையை விட்டுப் போனவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தார். சிலர் உட்காரவைத்துப் பேசினார்கள். ஒரு வீட்டில் ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. பழைய ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி அவர் சொல்லி முடிப்பதற்குள், "போதும் பாஸ்டர், எனக்கு அதையெல்லாம் திரும்ப நெனைக்கவே வேணாம்," என்று கும்பிட்டாள்.

அவர் விலகுவதற்கு முந்தின மாதக் கமிட்டியில், குழந்தைகள் வகுப்பறையைச் சுருக்கி மேடையைப் பெரிதாக்கும் யோசனையைச் செயலர் படித்தார். யோசனை போதகருடையதுதான், போன வருடமே அவர் சொல்லிவைத்தது. எல்லாரும் சரி என்றார்கள். அப்போது மூலையிலிருந்து எலக்ட்ரீஷியன் கையைத் தூக்கினார்.

"இது எனக்குச் சரியாப் படல பாஸ்டர். பிள்ளைங்க இப்பவே நெருக்கியடிச்சு உட்கார்றாங்க. மேடை இருக்கறது போதும்."

அத்தனை கண்களும் போதகரின் முகத்தில் இருந்தன. இத்தனைக்குப் பிறகும், அந்தப் பழைய சூடு காது மடலில் ஏறுவதை அவர் உணர்ந்தார். 'இவன் யார் எனக்குச் சொல்ல?' என்று உள்ளே ஒன்று எழுந்தது. அது செத்துப்போகவில்லை என்று தெரிந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. டம்ளரை எடுத்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தார்.

"இன்னும் சொல்லுங்க," என்றார்.

எலக்ட்ரீஷியன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, செயலரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வகுப்பறையின் நீள அகலத்தைச் சொல்லத் தொடங்கினார்.