வியாழக்கிழமை யார் முறை

அந்தப் புதன்கிழமை காலை பத்தரை மணிக்குள், கண் மருத்துவமனையின் முன்கூடத்தில் ஒன்பது பேர் கண்ணில் சொட்டு மருந்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம்கூட அவர்களுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. அவர்களைப் பார்க்க வேண்டிய பெரிய டாக்டரோ முந்தின நாளே ஏதோ மாநாட்டுக்கு வெளியூர் போய்விட்டார்.

வரவேற்பு மேசையில் இருந்தவள் அவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"நான் போன வாரமே காலண்டர்ல லீவுன்னு போட்டுட்டேனேம்மா. பார்க்கலையா?"

"இங்க ஒண்ணும் வரல சார்."

"வராம எப்படி? என் ஃபோன்ல பளிச்சுன்னு தெரியுதே!"

"உங்க ஃபோன்ல தெரியுது சார். எனக்குத் தெரியல."

அவர் நம்பவில்லை. குரலிலேயே தெரிந்தது. ஒன்பது பேரிடமும் அவள்தான் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர்களில் ஒரு பெரியவர், "பரவால்லம்மா, டாக்டர் வந்ததும் சொல்லு. அவரே முன்னால வந்து நின்னாலும் இப்ப எனக்குத் தெரியப் போறதில்ல" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு வந்த பிறகு அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வேறு நாள் குறித்துக்கொடுத்து எல்லோரையும் அனுப்பிவைத்தாள்.

மத்தியானம் கம்ப்யூட்டர்காரர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் மருத்துவமனையில் அவருக்கு 'வானொலி' என்று பெயர். டாக்டரோடு ஃபோனில் பேசி, அதைத் தொடச் சொல்லி, இதைத் திறக்கச் சொல்லி, கால் மணி நேரத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஒண்ணும் பெருசா இல்லம்மா. டாக்டர் ஃபோன்ல ரெண்டு காலண்டர் இருக்கு. ஒண்ணு நம்ம எல்லாருக்கும் பொதுவானது. அதுல போட்டா உங்க கம்ப்யூட்டருக்கும் வரும், மத்தவங்க ஃபோனுக்கும் போகும். இன்னொண்ணு அந்த ஃபோனோடது. அதுல போட்டா அந்த டப்பாக்குள்ளயே கிடக்கும். ஆனா பாருங்க, அவர் திறந்து பார்த்தா ரெண்டும் ஒரே பக்கத்துலதான் தெரியும். எது வெளிய போச்சு, எது போகலன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அவர் சத்தியமா போட்டிருக்கார். உங்களுக்குச் சத்தியமா வரல. இதுல யாரும் பொய் சொல்லல."

வானொலி அதற்கு மேலும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அவள் காதில் எதுவும் விழவில்லை. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து, கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிவைத்திருக்கும் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். ஆறு வயது மூத்தவள். சின்ன வயதில் அக்கா எங்கே போனாலும் இவள் பின்னாலேயே போவாள் என்பதால் அவள் இவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்காவோடு இவள் பேசி மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன.

அம்மாவுக்கு அப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய் அக்கா, வியாழன் இவள், சனிக்கிழமை மாற்றி மாற்றி. யாருடைய முறையோ அவர்கள் மதியம் ஒரு மணிக்குப் போய் அம்மாவை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். முதல் இரண்டு மாதமும் இதற்காக ஃபோனில் ஓயாத சண்டை. "நீ சொல்லவே இல்ல", "நான் சொன்னேன், நீ காதுல வாங்கல" என்றே பொழுது போயிற்று. அக்காவுக்குக் கூரியர் அலுவலகத்தில் வேலை. எந்த வண்டி எங்கே போகிறது என்று நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அவள்தான் பொதுவான காலண்டர் ஒன்றை உண்டாக்கி, 'அம்மா' என்று பெயர் வைத்து, இவள் ஃபோனிலும் சேர்த்துக்கொடுத்தாள். "இனிமே வாயால ஒண்ணும் பேச வேணாம்டி. முடியலன்னா இதுல மாத்திப் போடு. நான் ஆபீஸ்ல பார்த்துக்கறேன்" என்றாள். ஒரு வருடம் அது ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது.

பிறகு அந்த வியாழக்கிழமை. கண் மருத்துவமனையில் சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள், நகர முடியாது என்று இவளுக்கு மூன்று நாள் முன்பே தெரியும். பஸ்ஸில் வரும்போதே ஃபோனில் மாற்றிப் போட்டாள். வியாழக்கிழமை இவள் போகவில்லை. அக்காவும் போகவில்லை. அம்மா வாசல் பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். நர்ஸ் வந்து கேட்டபோது, "மக வெளியில நிக்கறா" என்று சொல்லிவிட்டு, தனியாகவே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். சாலையோரத்தில் தடுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"நான் போட்டேன்" என்றாள் இவள். "எனக்கு வரல" என்றாள் அக்கா. சாவு வீட்டில், ஊரும் உறவும் நிற்கையில், "பொய் சொல்லாத! உனக்குப் போக மனசில்ல, அதான் பார்க்காத மாதிரி இருந்துட்ட" என்று இவள் கத்தினாள். அக்கா முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். அதுதான் கடைசி.

அன்று இரவே இவள் அந்தக் காலண்டரை மறைத்துவைத்தாள். அழிக்க மனம் வரவில்லை. பெயருக்குப் பக்கத்திலிருந்த குறியை எடுத்துவிட்டால் அது கண்ணில் படாது, அவ்வளவுதான்.

அதற்காக அக்கா மனதிலிருந்து போய்விடுவாளா? நல்ல செருப்பு ஒன்று வாங்கினால் யாரிடம் காட்டுவது என்று இருக்கும். மேசைக்கு வரும் ஆட்களில் ஒரு கோமாளி வந்துவிட்டால், அவன் பேசிய மாதிரியே அக்காவிடம் பேசிக்காட்ட நாக்கு துறுதுறுக்கும். புருஷனிடம் சொன்னால், "ம்" என்பார். அக்காவாக இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். வேலைக்குப் போகும் பஸ் அக்கா வீட்டுத் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். மூன்று வருடமாக இவள் அந்தப் பக்கத்து ஜன்னலில் இடம் பிடித்து உட்காருவாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அக்கா கையில் பையோடு சாலையைக் கடப்பதைப் பார்த்தாள். இளைத்திருந்தாள். அன்றைக்கு முழுக்க இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பின் அறையில் நின்றபடி ஃபோனைத் திறந்தாள். 'அம்மா' என்ற பெயருக்குப் பக்கத்தில் குறியைப் போட்டாள். இடையில் எதையும் பார்க்காமல், மூன்று வருடம் பின்னால் தள்ளிக்கொண்டே போய் அந்த மாதத்தை எடுத்தாள்.

வியாழன். தங்கச்சி. மதியம் 1 மணி.

இவள் மாற்றிப் போட்டது அதில் இல்லவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் பீரோ இழுப்பறையிலிருந்து அப்போது வைத்திருந்த பழைய ஃபோனைத் தேடி எடுத்தாள். அதற்குப் பொருந்தும் சார்ஜர் பக்கத்து வீட்டில் இருந்தது. அரை மணி நேரம் கழித்துத் திரை உயிர் பெற்றது. அதே மாதம், அதே வியாழன். 'அக்கா போகணும். எனக்கு அன்னைக்கு முடியாது' என்று இருந்தது. தொட்டுப் பார்த்தாள். கீழே சின்ன எழுத்தில், 'இந்த ஃபோனில் மட்டும்' என்றிருந்தது. அதற்கு முந்தின நாள் தன் பல் வைத்தியத்துக்காக ஒரு குறிப்புப் போட்டிருந்தாள். அதிலும் கீழே அதே எழுத்துதான். தனக்கென்று போட்டுக்கொண்ட அதே இடத்தில், மேலே எந்தக் காலண்டர் இருக்கிறது என்று பார்க்காமல், அக்காவுக்கானதையும் போட்டிருக்கிறாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பொய் சொல்லாத" என்று கத்தியபோது அக்காவின் முகம் எப்படி இருந்தது என்பது அப்போதுதான் சரியாக ஞாபகம் வந்தது.

வெகுநேரம் கழித்துப் புது ஃபோனைக் கையில் எடுத்தாள். சும்மா மாதங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா போன பிறகும் அந்தக் காலண்டர் காலியாக இல்லை. அக்கா எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். 'பெரியவளுக்குப் பரீட்சை ஆரம்பம்.' 'முட்டி வலி, டாக்டர் 6 மணி.' 'வாலு பிறந்த நாள்.' இரண்டாம் வருடத்தில் ஒரு திங்கட்கிழமை, 'மாமாவுக்கு இதய ஆபரேஷன். காலை 7. மூணாவது மாடி.' மாடி எதற்கு? தன் ஞாபகத்துக்கு எழுதுகிறவள் மாடியையா எழுதுவாள்?

கடைசிக் குறிப்பு வரப்போகும் சனிக்கிழமையில் இருந்தது. 'வீடு காலி. லாரி 9 மணி.'

ஃபோன் செய்யலாம் என்று எண்ணை எடுத்தாள். கை வரவில்லை. கடைசியில் அந்தச் சனிக்கிழமையைத் திறந்தாள். மேலே எந்தக் காலண்டர் என்று ஒன்றுக்கு மூன்று முறை பார்த்துக்கொண்டாள். 'நானும் வரேன்' என்று எழுதினாள்.

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. பதில் ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை காலை இரண்டு ஃபோனையும் பையில் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் அந்தத் தெருமுனையில் இறங்கினாள்.

லாரி வந்து நின்றிருந்தது. மாமா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் அதட்டல் நின்றது. சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. நெஞ்சில் நீளமான தழும்பு தெரிந்தது. "உள்ள இருக்கா, போ" என்றார்.

அக்கா சமையலறையில் கடைசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து கயிற்றை இழுத்தாள்.

"இந்த முடிச்சுல விரல வை" என்றாள்.

இவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலை வைத்தாள். அக்கா இறுக்கிக் கட்டினாள்.

"நான் போட்டதைப் பார்த்தியாக்கா?"

"பார்த்தேன். பத்துத் தடவை பார்த்தேன். என்ன பதில் போடறதுன்னு தெரியல."

இவள் பழைய ஃபோனை எடுத்து நீட்டினாள். "இதையும் பாரு." சொல்ல நினைத்துவந்தது எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தது. "நான் போட்டேன்கா. ஆனா இதுக்குள்ளயே கிடந்துருக்கு. உனக்கு வரவே இல்ல. நீ சொன்னதுதான் நிஜம். நான்தான் எல்லார் முன்னாடியும் உன்னை..."

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஃபோனைக் கிட்டத்தில் பிடித்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"நீ போட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும்டி. நீ சோம்பேறி, வாயாடி. பொய் சொல்ற ஆள் இல்ல. அதை நான் அன்னைக்கே சொல்லிருப்பேன். நீயும் என்னைப் பத்தி அப்படி நினைக்கணும் இல்ல? அதுதான் எனக்கு ஆறல. அம்மா போன துக்கத்தைவிட அதுதான் அதிகமா இருந்துச்சு. அப்படி இருந்ததே ஒரு பாவம் மாதிரி இருந்துச்சு."

இவள் பழைய ஃபோனை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"மாமா ஆபரேஷன் அன்னைக்கு வருவேன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா. "மாடி நம்பர் எல்லாம் போட்டிருந்தேன். லிஃப்ட் திறக்கறப்போல்லாம் எட்டிப் பார்த்தேன்."

"மறைச்சு வச்சிருந்தேன்கா. கண்ணுல படக் கூடாதுன்னு. நீ எழுதறதே எனக்குத் தெரியாது. புதன்கிழமைதான் பார்த்தேன்."

அக்கா பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று இவள் பதறிக் கிட்டே போனாள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு. "மூணு வருஷம்டி! என் முட்டி வலி, பல் வலி எல்லாத்தையும் எழுதி எழுதி... படிச்சுட்டு ஒரு வார்த்தை கேட்கலையே, கல் நெஞ்சுக்காரின்னு உன்னைத் திட்டாத நாள் இல்ல. நீ படிக்கவே இல்லையா!"

இவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. காலியான சமையலறையில் இரண்டு பேர் அழுகையும் பெரிதாகக் கேட்டது. வெளியே யாரோ லாரியின் பின்கதவைப் படாரென்று சாத்தினார்கள்.

"எவ்ளோ தூரம்கா?"

"ரயில்ல ஒரு ராத்திரி, ஒரு பகல். பெரியவளுக்கு அங்கதான் வேலை. சின்னவளும் அவகூடவே போயிட்டா. மாமாவைத் தனியா பார்த்துக்க எனக்கும் முடியல."

"போகாதன்னு சொன்னா?"

"புதன்கிழமைக்குப் பதிலா போன வருஷம் சொல்லிருக்கணும்" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. இவள் கன்னத்தை முந்தானையால் துடைத்துவிட்டு எழுந்தாள்.

ஒன்பதேகாலுக்கு லாரி கிளம்பியது. பின்னாலேயே மாமாவும் அக்காவும் ரயில் நிலையத்துக்குப் போகக் காரில் ஏறினார்கள். வீட்டுக்காரர் பதினொரு மணிக்குத்தான் வருவார் என்பதால், அக்கா ஜன்னல் வழியாகச் சாவியை இவள் கையில் திணித்தாள். "கூட்டிப் பெருக்கிட்டு அவர்கிட்ட குடுத்துடு. குளியலறைக் குழாய் சொட்டும், இறுக்கி மூடு" என்றாள். இன்னும் ஏதோ சொன்னாள். கார் சத்தத்தில் கேட்கவில்லை.

இவள் உள்ளே போய் ஒவ்வோர் அறையாகப் பெருக்கினாள். படுக்கையறைக் கதவில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டுவைத்திருந்தார்கள். இரண்டாவது பெண் இந்த மூன்று வருடத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று அங்கேதான் பார்த்தாள். குழாயை இறுக்கினாள். மறுபடி சொட்டியது. மறுபடி இறுக்கினாள்.

பதினொன்றரைக்கு வீட்டுக்காரர் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"தங்கச்சி."

"அப்படியா? நான் இந்த வீட்டை வாங்கி மூணு வருஷம் ஆச்சு. உங்களை நான் பார்த்ததே இல்லையே."

"நான் வரல" என்றாள் இவள்.

கதவைப் பூட்டிவிட்டு இருவரும் ஒன்றாகவே படியிறங்கினார்கள்.