சியாசி சொன்ன அரைச் சுற்று

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. ஹட்சன் விரிகுடாக் கரையிலிருக்கும் எங்கள் ஊரில் அது குற்றமில்லை. வீட்டுக்கு வீடு ரேடியோ, பனிமேல் போகிறவர் கையிலும் ஒன்று, எல்லாம் ஒரே அலைவரிசை. ஒருவர் வாயைத் திறந்தால் ஊரே கேட்கும், ஊரே பதிலும் சொல்லும். இருபத்திரண்டு வருடமாக இங்கே கடையில் இருக்கிறேன். என் ரேடியோ கல்லாவுக்குப் பக்கத்தில்.

"மே மாத வெயிலில் கடல்பனி முனக, அடாமி தன்னந்தனியாக…"

எழுதிய இந்த முதல் வரியை அடித்துவிட்டேன். அடாமி நின்ற இடத்தை நான் எங்கே பார்த்தேன்? பார்த்தது அவன் மனைவி சியாசியை. அங்கிருந்து தொடங்குகிறேன்.

2.

சியாசி மாவு வாங்க வந்திருந்தாள். ஊரில் பாதி பனிவண்டிகளின் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய கை அவளுடையது. ரேடியோ கரகரத்தது, கடல்பனிமேலிருந்து அடாமி.

"சியாசி, பனி பொளந்துடுச்சு. கரைக்கும் எனக்கும் நடுவுல பதினஞ்சு அடி தண்ணி. அகண்டுக்கிட்டே போகுது."

மைக்கைப் பிடுங்கினாள். "முழு வேகத்துல தாண்டிடு!"

"எங்க தாண்டுறது? ஆக்சிலேட்டர அமுக்குனா வண்டி இருமுது. யோசிச்சு யோசிச்சுத்தான் கிளம்புது."

(முழு வேகத்தில் போனால் பனிவண்டி தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே போய்விடும். நடுவில் ஒரு நொடி தயங்கினால் ஆளோடு அடியில். இதையெல்லாமா எழுதுவாய் என்று இங்குள்ளவர்கள் சிரிப்பார்கள்.)

"பிளக்கக் கழட்டு. என்ன நெறம்?"

"கறுப்பு. ஈரம் வேற."

பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. கடுங்குளிருக்கு வைத்த கலவை அப்படியே கிடக்கிறது.

"வெயில் வந்துடுச்சு, மாத்துவோம்னு ரெண்டு வாரமா கத்துனேனே! வேற பிளக் இருக்கா?"

"இல்ல. இதையே தொடச்சு மாட்டுறேன். இன்னொரு தடவ நனைஞ்சா அவ்ளோதான்."

3.

இனிமேல்தான் குழப்பம். கார்புரேட்டரில் இந்தக் கலவையைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகாணி உண்டு.

"மூடு! அரைச் சுத்து மூடு!" என்றார் கிழவர் குமாக், தன் வீட்டிலிருந்து.

"ஐயோ பெரியப்பா, கொன்னுடாதீங்க! அது தொறக்கணும்!" என்றது வேறொரு வீடு.

இரண்டு பேரும் சரிதான். சில கார்புரேட்டரில் அது காற்றுத் திருகாணி, திறந்தால் காற்று கூடும். சிலதில் பெட்ரோல் திருகாணி, மூடினால் பெட்ரோல் குறையும்.*

அடாமியின் வண்டியில் எது? சென்ற இலையுதிர்காலத்தில் இரண்டு பழைய வண்டிகளைப் பிரித்து, ஒன்றின் கார்புரேட்டரை இதில் மாட்டியவளே சியாசிதான். எந்த வண்டியினுடையதை?

"திருகாணி ஃபில்டர் பக்கமா, எஞ்சின் பக்கமா?" ஃபில்டர் பக்கம் என்றால் காற்று, எஞ்சின் பக்கம் என்றால் பெட்ரோல்.

"நடுவுல இருக்கு சியாசி."

*முதல் பிரதியில் இதைத் தலைகீழாக எழுதியிருந்தேன். அந்தப் பிரதியில் அடாமி செத்துப்போனான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

4.

"எல்லாரும் வாய மூடுங்க," என்றாள். ஊர் மூடிக்கொண்டது. "அடாமி, அரைச் சுத்து தொற."

"நெசமாவா?"

"தொறன்னா தொற."

குரலில் துளி நடுக்கம் இல்லை. மாவுப்பையைப் பிடித்திருந்த இடது கை மட்டும் பையைக் கிழித்துவிட்டது. என் கடைத் தரையெல்லாம் மாவு.

"தொறந்தியா? இருமல் நின்னுச்சா?"

காற்றுச் சத்தம் மட்டும். எங்கள் ஊரில் ஆமாம் என்றால் புருவத்தைத் தூக்குவார்கள், இல்லை என்றால் மூக்கைச் சுருக்குவார்கள். வாய்க்கு வேலை கிடையாது. மைக்கை அமுக்கிக்கொண்டு, அந்தப் புண்ணியவான் அங்கே முகத்தால் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"யோவ்! உன் மூஞ்சிய இங்க யாருய்யா பாக்குறது? வாயால சொல்லித் தொலை!"

எஞ்சின் உறுமியது. பிறகு அதுவும் இல்லை.

5.

முடிவு (அ): சியாசி கரைக்கு ஓடுகிறாள், அங்கே பனியில் ஒரு கையுறை… வேண்டாம், சகிக்கவில்லை.

முடிவு (ஆ): குமாக் சொன்னதே சரி என்று… அதுவும் வேண்டாம்.

நடந்தது இதுதான். இருபது நிமிடம் கழித்து அடாமி வண்டியோடு தாண்டி வந்து, இடுப்புவரை நனைந்து கடை வாசலில் நின்றான். சியாசி மாவுக் கையால் அவனை ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு, கடையே பார்க்க அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இங்கேயே முடித்திருக்கலாம்.

6.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் இதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேநீரும் காய்ந்த மீனும் வைத்தார்கள். வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டேன்:

"சியாசி, அது எந்த கார்புரேட்டர்னு தெரிஞ்சுதான் தொறக்கச் சொன்னியா?"

அடாமி மெல்லுவதை நிறுத்தி அவளைப் பார்த்தான். இத்தனை நாளும் அவன் கேட்காமல் வைத்திருந்த கேள்வி போலிருக்கிறது.

மறந்துவிடக் கூடாதென்று நான் குனிந்து என் கேள்வியைக் குறித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவள் பதில் சொல்லி முடித்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், முகம் பழையபடி. அடாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடையில பிளக் இருக்கா?" என்று என்னிடம் கேட்டான். "நாலு எடுத்து வை."

நான் எழுதிக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. நீங்கள்தானே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சொல்லுங்கள், புருவமா, மூக்கா?