சைவக்காரர் வாங்கிய ஈரல்

"தின்னுன்னா தின்னணும் புள்ள. ஆஸ்பத்திரி டிரசர் என்ன சொன்னாரு, ரத்தம் ஏறலைன்னா…"

"டிரசருக்கு என்னாங்க, வாய் வலிக்காம சொல்லிட்டுப் போயிருவாரு, இங்க யாரு…"

"…ஏறலைன்னா ஈப்போ பெரியாஸ்பத்திரியில கத்திய வைக்க மாட்டாங்களாம்!"

"வைக்காட்டிப் போவட்டும்! இந்த அடுப்புல கவிச்சி ஏறாது. ஏறாதுன்னா ஏறாது!"

எங்கள் லயத்தில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும், நடுவே ஒரு பலகைதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் 'நூறாயுசு' சொல்லுவோம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வீட்டில் சண்டை புதிதில்லை. அன்றைக்குப் பேச்சுதான் ஆள் மாறியிருந்தது.

'தின்னு' என்று கத்தியவர் அமிர்தலிங்கம் அண்ணன். ஒன்பது வருஷமாக மீன், முட்டைகூடத் தொடாதவர். 'மாட்டேன்' என்றது அவர் பெண்சாதி வடிவு. கோலா தெர்லாவில் நல்ல கருவாடு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் கொட்டுகிற மழையிலும் காய்கறி லாரியை மறித்து ஏறிப் போனவள்.

அண்ணனுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் அங்கே அவரும் கூட வேலை பார்க்கிற வேலப்பனும் பேச்சில் மோதினால் மெஷின் சத்தம் கேட்காது.

"கவிச்சிய விட்டேன், முட்டி வீக்கம் என்னை விட்டுச்சு."

"அதே வாரம் சம்சு சாராயத்தயும்தானே விட்டீங்க? வீக்கம் எதுக்குப் பயந்து ஓடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டும் ஒரே தட்டுலதானடா ஒக்காந்திருந்துச்சு!"

"காட்டுப்பன்னி உள்ள போவலன்னா இந்தக் குளிர்ல மேடு ஏற முடியாதுண்ணே."

"மாடு புல்லுதான் திங்குது. உன்னைவிட நல்லா இழுக்கலையா?"

"மாட்டுக்கு நாலு வயிறு. எனக்கு ஒண்ணுதான் லா!"

சிரிப்பார்கள். ஆனாலும் அண்ணன் பேச்சில் ஒரு பிடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் பஜனை முடிந்ததும் எழுந்து, உடம்பைப் பற்றி, நோயைப் பற்றி, வயிற்றில் எதைப் போடுகிறோம் என்பதைப் பற்றிப் பேசுவார். அதைக் கேட்டு எங்கள் லயத்திலேயே ஏழெட்டுப் பேர் விட்டார்கள். வடிவை அவர் விடச் சொன்னதே இல்லை. அவளாகத்தான் ஒருநாள் கருவாட்டுச் சட்டியை என்னிடம் கொடுத்தாள். "ரெண்டு பேருக்கு ரெண்டு சட்டி கழுவ முடியல பாஞ்சால" என்றாள். கோயிலில் அவர் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காரணம் சட்டி இல்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாசா மாசம் ரத்தமாகப் போய், மலையேறிக் கொழுந்து பறித்தவள் குழாயடிக்கு நடக்கவே சுவரைப் பிடித்தாள். ஆபரேஷன் செய்ய வேண்டும். செய்ய ரத்தம் போதாது. இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், வாந்தியாக வெளியே வந்தது. முருங்கைக்கீரைக்கு எங்கே போக? இந்தக் குளிருக்கு முருங்கை வருவதில்லை. தண்டுக்கீரை, பயறு என்று அண்ணன் ஆக்கிப் போட்டுப் பார்த்தார். போதவில்லை. அப்போதுதான் தோட்டத்து டிரசர், "ஆட்டு ஈரல் சாப்பிடட்டும். வாரத்துக்கு ரெண்டு தரம், ஆபரேஷன் வரைக்கும்" என்றார்.

பலகைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஓயவில்லை.

"உங்க பேச்சக் கேட்டு எத்தனை பேரு விட்டிருக்காங்க! உங்க வீட்டுலயே ஈரல் வெந்தா வேலப்பன் சும்மா விடுவானா?"

"அவன் எப்பத்தான் சும்மா விட்டான்?"

"கோயில்ல இனிமே எந்த வாயோட பேசுவீங்க?"

"பேசாம ஒக்காந்திருக்கேன். கேக்குறவங்களுக்கும் காது ஓயட்டும்."

"விளையாடாதீங்க! உங்க சொல்லு பொய்யாப் போயிரும்."

"போனா வேற சொல்லு சொல்லிக்கலாம் வடிவு. நீ போயிட்டா நான் யாருகிட்டப் போயி…"

அரிசிச் சட்டியைக் கீழே வைத்தேன். லயத்தைச் சுற்றி அவர்கள் வாசலுக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நான் வாங்கியாந்து என் வீட்டுல வதக்கிக் குடுத்திர்றேன். ஒரு குருவிக்கும் தெரியாது."

"தெரியாம எதுக்கு தங்கச்சி? ஒளிச்சு வாங்கினா அவ ஒளிச்சுத் திங்கணும். சீக்காளி என்ன, திருடியா?"

அந்த ஞாயிறு தோட்டத்து லாரியில் பிரிஞ்சாங் டவுனுக்குப் போனோம். அண்ணன் நேரே மூசா பாய் இறைச்சிக் கடைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன அண்ணே, காய்கறிக் கடை எதிர்ப்பக்கம்லா!"

"தெரியும் பாய். ஆட்டு ஈரல் வேணும்."

"யாருக்கு?"

"என் வீட்டுக்கு."

வரிசையில் நின்ற வேலப்பன் திரும்பினான். அவனுக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டது.

"யாரு, சாமியா! ஒம்போது வருஷம் எங்களுக்குப் பாடம் எடுத்துட்டு, இப்ப வாத்தியாரே பெயிலா?"

"ஆமாண்டா, பெயிலுதான்" என்றார் அண்ணன். "நான் சொன்னது என் முட்டிக்கு. டிரசர் சொன்னது அவ ரத்தத்துக்கு. ஒரு மருந்து ரெண்டு நோவுக்கு ஆவாதுன்னு இத்தனை நாளு எனக்குத் தெரியல. பாய், நல்லதாப் பாத்துக் குடுங்க. எனக்குப் பாக்கத் தெரியாது."

பாய் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். "இப்படி மினுமினுன்னு இருக்கணும். சின்ன வெங்காயம், மிளகு, அவ்வளவுதான். ரொம்ப நேரம் விட்டீங்க, சப்பாத்துத் தோலுதான், கடிக்க முடியாது. உப்பக் கடைசியாப் போடுங்க. முன்னாடியே போட்டா கல்லாயிரும்."

திரும்பும்போது லாரியில் எல்லோரும் சிரித்தார்கள். வேலப்பன் ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஜோக் வைத்திருந்தான். ரத்தம் கசிந்த பொட்டலத்தை அண்ணன் காய்கறிப் பைக்குள் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்தார், வெள்ளை வேட்டியில் கறை படிய. இந்த வயசுக்கு எத்தனையோ ஆண்களைப் பார்த்துவிட்டேன். தோல்வியை அப்படி நாலு பேர் பார்க்க மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்குள் போனதும் மறுபடியும் பலகை பேசியது.

"என்னாங்க இது, நீங்களா வெட்டுறீங்க? கீழ வைங்க! உங்க கையால அதத் தொட்டா எனக்குத்தான் பாவம்!"

"பாவத்த என் பேருல எழுதிக்க. நீ படு."

"மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு… ஐயோ, கொள்ளைக்காரனாட்டம் இருக்கு. தள்ளுங்க, நானே பண்றேன்."

"நிக்க முடியாதவ பண்றாளாம். ஒக்காரு."

எண்ணெய் சுரீர் என்றது. வெங்காய வாசனை வந்தது, பின்னால் ஈரல் வாசனை. அண்ணன் இருமுகிற சத்தம். அந்த அடுப்பில் அப்படி ஒரு வாசனை வந்து எத்தனையோ வருஷம். வடிவு அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று இங்கிருந்து எனக்குப் பிடிபடவில்லை.

"தங்கச்சி!" பலகையைத் தட்டினார். "கறுத்துருச்சு. உப்பு எம்புட்டு?"

"ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கண்ணே."

"போட்டுட்டேன். போதுமா?"

"வாயில வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"இருங்கண்ணே, இருங்க! நான் வர்றேன், நான் பாத்துச் சொல்றேன்!"

என் அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. விறகை இழுத்துவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, லயத்தின் கோடி வரைக்கும் மழையில் சுற்றிக்கொண்டு போனேன்.

நான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வடிவு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. முதல் வாய் உள்ளே போயிருந்தது. அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். மூக்கில் கட்டியிருந்த துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. மழை சொட்ட அப்போதுதான் வந்து நிற்கிற என்னை வடிவு பார்த்தாள். பிறகு அந்த முதுகைப் பார்த்தாள். மெல்வதை நிறுத்தினாள்.

"உப்பு சரியாத்தான் இருக்கு. யாருங்க பாத்தது?"